கமர்கட் வாயோடு ஒரு கணக்கு வகுப்பு

என் வகுப்பில் கேள்வி கேட்டுப் பதில் வராமல் போனதே கிடையாது. பதிலையும் நானே சொல்லிவிடுவேன் என்பதால் வந்த பெருமை அது. கேள்வியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் முகங்களைப் பார்ப்பேன். எங்கள் மலையில், நாகலூர் பக்கம் காலையில் பனிமூட்டத்துக்குள் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் மாதிரி அவை அசையாமல் நிற்கும். எனக்கோ ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும். யாரும் பேசாத வகுப்பறை, தீப்பிடித்த வகுப்பறையைவிட எனக்குப் பயங்கரம். விடையைச் சொல்லிவிட்டு, "புரிஞ்சுதா சாமிகளா?" என்பேன். "புரிஞ்சுதுங்க சார்!" என்று ஓடு அதிரும்படி ஒரே குரலில் வரும். பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் என்ன புரிந்தது என்று எனக்குப் புரியும்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். சார் கேட்டால் பேசாமல் இருக்க வேண்டும், சாரே சொல்லிவிடுவார் என்பதை என்னிடமிருந்து அப்பழுக்கில்லாமல் கற்றுக்கொண்டிருந்தார்கள். நான் நடத்தியதில் எல்லோருக்கும் முழுசாகப் போய்ச் சேர்ந்த பாடம் அது ஒன்றுதான்.

போன வருஷம் சேலத்தில் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். மலையிறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் என் வயிறும் ஒரு முறை வளையும். மடியில் பிளாஸ்டிக் பை, மூக்கில் எலுமிச்சம்பழம் என்று கீழே போய்ச் சேர்ந்தால், பயிற்சி கொடுத்தவர் சொன்னது இதுதான்: "கேள்வி கேட்டீங்கன்னா காத்திருங்க. யோசிக்க நேரம் குடுங்க. நீங்க பேசாதீங்க." வாயை மூடு என்று சொல்லவா இத்தனை வளைவு? என் வீட்டுக்காரி இதைத் தினமும் ஒரு வளைவும் இல்லாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்கிறாளே.

அதோடு மறந்திருப்பேன். ஆனால் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா என் கணக்கு வகுப்பைப் பார்க்க மறுநாளே வருவதாகவும், காத்திருக்கத் தெரியாத ஆசிரியர்களை மறுபடி பயிற்சிக்கு இறக்கப்போவதாகவும் சேதி வந்தது. மறுபடி அந்த பஸ்! அன்று சாயங்காலமே வீட்டில் ஒத்திகை பார்த்தேன்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தாங்கவில்லை. "ரசமா?" என்றேன்.

"ஆமாங்க, ரசந்தான்" என்று வெங்காயத்தைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டாள்.

மனசை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. மறுநாள் பஸ் நிறுத்தத்துக் கடையில் ஒரு கமர்கட் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டிய அந்தக் கெட்டி உருண்டை பல்லில் ஒட்டிக்கொண்டால், யாராலும் பாடம் நடத்த முடியாது.

அதிகாரி அம்மா கடைசி பெஞ்சில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் கேட்டேன்: "பலாப்பழத்த மூணு ஊட்டுக்குப் பங்கு போட்டா ஒரு ஊட்டுக்கு வர்றது பெரிசா, நாலு ஊட்டுக்குப் போட்டா வர்றது பெரிசா? யோசிச்சு, ஏன்னும் சொல்லோணும் கண்ணுகளா." கேட்ட கையோடு கரும்பலகைப் பக்கம் திரும்பி, உருண்டையை வாய்க்குள் தள்ளிக் கடித்தேன். இரண்டு தாடையும் ஒன்றாகின.

அமைதி என்றால் அப்படி ஓர் அமைதி. பிள்ளைகள் வழக்கம்போல என் வாயைப் பார்த்தார்கள். வாய் திறக்கவில்லை. கண்ணை உருட்டிப் பார்த்தேன், நெஞ்சைத் தடவிக்கொண்டேன். சாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முன் பெஞ்சில் ஒருத்தி பயந்தே போனாள்.

கடைசியில் ஒரு பையன், "நாலு ஊட்டுப் பங்குதானுங்க பெரிசு" என்றான். "மூணவிட நாலு பெரிசுங்களே." நான் திருத்தத் துடித்தேன். பல் விடவில்லை.

ஜன்னலோரம் இருந்த பெண் அவன் பக்கம் திரும்பினாள். "எந்தப் பழம்டா? சின்னதா, பெரிசா?"

"எதா இருந்தா என்ன புள்ள?" என்றான் அவன்.

"சின்னப் பழத்த யாருடா நாலு ஊட்டுக்குக் குடுப்பாங்க? நாலு ஊட்டுக்குக் குடுத்தா அது நொம்பப் பெரிய பழமாத்தான் இருக்கும்."

"எங்கூட்ல பெரிசயே ரெண்டு ஊட்டுக்குத்தான் குடுப்பாங்க" என்றது ஒரு குரல். "உங்கூட்டு லச்சணந்தான் தெரியுமே" என்றது இன்னொன்று. வகுப்பு சந்தைக்கடை ஆனது. நான் கேட்டிருந்த கேள்வியில் இத்தனை பெரிய ஓட்டை இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அதிகாரி அம்மா நெளிந்தார். "சார், நீங்க எதுவும் சொல்லலீங்களா?"

"ம்ம்" என்று மகா ஞானி மாதிரித் தலையாட்டினேன்.

அவரால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்தே விட்டார். "ரெண்டும் ஒரே பழம்னு வெச்சுக்குங்க பிள்ளைங்களா! அப்ப மூணுல..."

"சொல்லீராதீங்க மேடம்!" என்று கத்தினாள் ஜன்னலோரப் பெண். "நாங்க யோசிச்சுட்டு இருக்கோமுங்க."

அம்மா அப்படியே உட்கார்ந்தார். அந்தப் பெண் விரலை மடக்கினாள், பிரித்தாள், பக்கத்துப் பெண்ணோடு கிசுகிசுத்தாள். "ஒரே பழம்னா, ஊடு கூடக்கூடப் பங்கு சிறுத்துப் போகுமுங்க. மூணு ஊட்டுப் பங்குதான் பெரிசு." முதலில் சொன்ன பையன் தானும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்பச் செரி" என்றான். "புரிஞ்சுதுங்க சார்" என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கும் நிலையில் இல்லை.

வெளியே வந்தபோது கமர்கட் கரைந்திருந்தது. அதிகாரி அம்மாவுக்குக் கண் பளபளத்தது. "எவ்வளவு பொறுமைங்க சார் உங்களுக்கு! என்னாலயே முடியல. அடுத்த மாசம் சேலத்துல பயிற்சி. மத்த ஆசிரியர்களுக்கு நீங்கதான் வந்து இதச் சொல்லிக் குடுக்கணும். வர்றீங்களா?"

அத்தனை வளைவும் கண் முன்னால் சுற்றின. பேசாமல் நின்றால் அவராகவே 'முடியாதா? சரி, விடுங்க' என்று சொல்லிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். பேசாமல் நின்றேன்.

அவரும் பேசாமல் நின்றார். சிரித்த முகமாக, என்னையே பார்த்துக்கொண்டு. மகராசி, அதற்குள் கற்றுக்கொண்டுவிட்டார்.

உள்ளங்கை வேர்த்தது.

"வர்றேனுங்க" என்றேன்.