தள்ள ஆள் தேவைப்படாத வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன், கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டை ஒட்டிய எங்கள் சந்தில் நடந்தது இது. அப்பா இறந்த பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டார். காசிமேட்டுக்கு ஐஸ் கட்டி ஏற்றிப்போன ஒரு பழைய பிக்கப் வண்டியை அப்பா விட்டுப்போயிருந்தார். விற்க மனசு வரவில்லை. எண்ணூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு அதிலேயே போய் வந்தேன்.

ஒரே தொல்லை, காலையில் அது தானாகக் கிளம்பாது. தள்ள வேண்டும். எதிர் வீட்டு அக்கா மீன் கூடையை இறக்கி வைப்பார். டீக்கடை பாய் ஈரக் கையோடு வருவார். ஆட்டோ ஓட்டும் அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டுவார்.

“காலேஜ்ல இன்னாதான் சொல்லிக் குட்த்தாங்கோ நைனா? ஒரு இன்ஜின கெளப்பத் தெர்ல!” என்பார் அண்ணன்.

“உன் ஆட்டோவ போன வாரம் யாரு தள்ளுனது? மூடிகினு தள்ளு மாமு” என்பார் பாய்.

சந்து முனையில் கிளட்சை விடுவேன். ஒரு உலுக்கு, கறுப்புப் புகை, பின்னால் திட்டும் சிரிப்பும். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். எனக்கு இது அவமானமாக இருந்தது.

டோல்கேட் பக்கம் ஒரு மெக்கானிக் ஷெட்டில் வண்டியை விட்டு, விடுமுறை நாளெல்லாம் அங்கேயே கிடந்தேன். விபத்தில் நொறுங்கிய ஒரு புது வண்டியின் டீசல் இன்ஜினை நானும் மெக்கானிக்கும் வாங்கினோம். வண்டியின் பழைய சேஸ் சட்டத்தில் அது உட்காரவில்லை. இன்ஜின் தாங்கிகளை வெட்டியெடுத்து வேறு வெல்டிங் வைத்தோம். ரேடியேட்டரை மாற்றி, வயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாக இழுத்தோம். துருவைச் சுரண்டி, அப்பா அடித்திருந்த அதே நீலத்தை அடித்தேன். ஆர்.டி.ஓ. அனுமதியும் வாங்கியாயிற்று.

வண்டி வந்த மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் மூவரும் பின்னால் வந்து கை வைத்தார்கள். சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லாமல் இன்ஜின் ஓடியது. “ஏ, கெளம்பிட்சுபா!” என்று அண்ணன் கைதட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன்பின் யாரும் வரவில்லை. வரவேண்டிய அவசியம் இல்லையே. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன், படுத்தேன். யாருமே என்னிடம் எதுவும் கேட்காத நாட்கள் வந்தன. நானாகப் போய்ப் பேச ஒரு காரணம் கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்தேன். முன்பெல்லாம் கொஞ்சம் தாமதமானாலே வண்டி தள்ள வருபவர்கள் கதவை இடிப்பார்கள். இப்போது கேட் மூடும் மணி கேட்கும், கூட்ஸ் ரயில் போகும், மறுபடி அமைதி. தண்ணீர் கேட்க வாயெடுத்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு காலை எப்படியோ வண்டியில் ஏறினேன். தெம்பில்லை. ஸ்டீயரிங்கில் தலை சாய்த்து உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா நைனா, புச்சு இன்ஜினும் மக்கர் பண்தா? யோவ் பாய், வாயேன்!” அக்காவின் குரல்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் கைகள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சாவியைத் தொடவில்லை. சந்து முனை வரை அப்படியே உருண்டேன். எதிரே சாலை கலங்கித் தெரிந்தது.

அக்கா ஜன்னல் வழியாக என் நெற்றியைத் தொட்டார். “அய்யோ, நெருப்பா கொதிக்குதே! வண்டி சத்தமே காதுல வுயல, நீ நைட்டு சிப்ட்டுக்குப் போறேனு நெனச்சிகினோம்.”

அண்ணன் என்னைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பறந்தார். “இம்மாம் பெரிய இன்ஜினு போட்டு இன்னா பிரயோஜனம்? கடசில என் ஆட்டோதான்” என்று வழியெல்லாம் புலம்பினார்.

அந்த வண்டி இன்றுவரை மக்கர் செய்ததில்லை. ஆனாலும் டீக்கடைக்குப் போய் மூன்று பேரிடமும் வம்பு வளர்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். கூப்பிட்டிருந்தால் முதல் நாளே ஓடி வந்திருப்பார்கள், கூப்பிட ஒரு காரணம் வேண்டும் என்று நான்தான் கதவை மூடிக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.