ஒரு இழைகூட அறவில்லை

என் பீரோவின் உள்ளறையில், சான்றிதழ்க் கவருக்கு அடியில், கறுப்பு நிற ஸ்டாப் கிளாக் ஒன்று இருக்கிறது. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நீலக் கயிறு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. சுவர்க் கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றும்போதெல்லாம் இதற்கும் ஒரு பட்டன் பேட்டரி வாங்கிப் போட்டுவிடுவேன். "இது எதுக்கு?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். பள்ளிக்கூடத்தில் தேவைப்படும் என்றேன். நான் கணக்கு டீச்சர். என் வகுப்பில் ஓடுகிறவர்கள் யாரும் கிடையாது, கடைசி மணி அடித்த பிறகு தவிர.

அது என்னுடையதல்ல. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், எனக்கு இருபத்து நான்கு வயது. புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், அரியர் வைத்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் அவன் வந்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அதனால் எழுதும்போதும் அவன் என்றே வருகிறது. ஐயம்பேட்டையைத் தாண்டி உள்ளே போனால் வரும் காலனி அவன் ஊர். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். அவன் தடை தாண்டி ஓடுகிறவன். மாநில அளவில் பதக்கம் வாங்கியவன். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை அவனுக்காகக் காத்திருந்தது. பட்டம் மட்டும் வேண்டும். புள்ளியியலில் மூன்று முறை தோற்றிருந்தான். நான்காவது முறையும் போனால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

முதல் வாரம் முழுக்கத் தூங்கி வழிந்தான். விடியற்காலையில் மைதானம், பகலில் கல்லூரி, மாலையில் மறுபடி மைதானம், அப்புறம்தான் நான். திட்டினேன். "சும்மா கணக்கு போடுன்னா கை ஓடமாட்டேங்குது மேடம். நேரம் வச்சிப் பாருங்களேன்" என்றான். மறுநாள் இந்த ஸ்டாப் கிளாக்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பத்துக் கணக்கு கொடுத்து, கிளாக்கை அழுத்தினேன். உண்மையிலேயே ஓடினான். ஏழாவது கணக்கில் தடுமாறினால், "ஏழாவது தடையில கால் இடிச்சிடுச்சி மேடம்" என்பான். அதன்பிறகு எங்கள் இருவருக்கும் கணக்கு என்றாலே தடைதான். மற்ற மாணவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் புரிய வேண்டுமே என்று அவனுடைய ஓட்ட நேரங்களையே கணக்காக எடுத்துக்கொண்டேன். அதற்காக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மைதானத்துக்குப் போய், கிளாக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டருகே நின்றேன். கல்விக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இரண்டு மாதம் ஆனபோது ஒரு நாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டே, தினமும் ஓட்ட நேரம் குறித்துவைக்கும் நோட்டை நீட்டினான். "நீங்க கிளாக்கைப் புடிக்கிற அன்னிக்கு மட்டும் அரை செகண்டு கம்மியா வருது மேடம். அது ஏன்னு உங்க புக்ல இருக்குதா?" அன்றிரவு நானும் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. அடுத்த வகுப்பில், "சாம்பிள் பத்தாதுப்பா. இன்னும் பத்து வாரம் வந்து பாக்கறேன்" என்றேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. புள்ளியியலில் அவன் உடனே புரிந்துகொண்ட ஒரே விஷயம் அதுதான். அதற்குப் பிறகும் மேடம் மேடம் என்றுதான் கூப்பிட்டான். வேகவைத்த வேர்க்கடலையைக் காகிதக் கூம்பில் வாங்கிவந்து, உரித்து உரித்து என் பக்கம் தள்ளுவான். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பின்னும் கடலை தின்றதில்லை.

தேர்வுக்கு முன் கடைசி வகுப்பில் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். "நீ பாஸ் பண்ணிடு. எங்க வீட்ல நான் சொல்றேன்." அவன் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். அந்த வேகத்தில் கிளாக் என்னிடமே தங்கிவிட்டது. "இருக்கட்டும், ரிசல்ட் அன்னிக்கு வாங்கிக்கறேன்" என்று போனான்.

எங்கள் தெரு தறிக்காரர் தெரு. எந்நேரமும் தறிச் சத்தம்தான். பாவு என்று சொல்லப்படும் சேலையின் நீளவாட்டு இழைகளை, தறியில் ஏற்றுவதற்கு முன் விடிகாலையில் தெருவில் நீட்டிக் கட்டுவார்கள். மூங்கில்களின் மேல் இடுப்புயரத்தில், மூன்று சேலைக்கான பட்டு, எட்டுப் பத்து வீட்டு நீளத்துக்கு நிற்கும். அக்கம்பக்கத்தார் எல்லோரும் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, இழை பிரிப்பார்கள். அதை யாரும் தாண்டவும் கூடாது, குனிந்து அடியில் நுழையவும் கூடாது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் கோடிவரை நடந்து சுற்றித்தான் போக வேண்டும். எங்கள் தெருவில் இது நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாது. ஆறு மாதம் உலகத்தையெல்லாம் பேசிய நான், என் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் அங்கே வருவான் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை என்பதுதான் காரணம். வீட்டில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவளின் லட்சணம் இது.

ரிசல்ட் வந்த காலையில் எங்கள் பாவுதான் தெருவில் நின்றது. நான் வீட்டோரமாக நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் அவன் வந்தான். யார் யாரிடமோ விசாரித்து, கையில் மார்க் அச்சடித்த தாளோடு, ஓட்டமும் நடையுமாக வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாஸ்!" என்று கத்தினான். கத்திக்கொண்டே நாலு எட்டு எடுத்து வைத்து, முன்காலை நீட்டி, பின்காலைப் பக்கவாட்டில் மடித்து, மைதானத்தில் எப்படித் தாண்டுவானோ அப்படியே பாவைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றான்.

தெருவே வேலையை நிறுத்தியது. "டேய், எவண்டா நீ? எந்த ஊர்டா?" என்று ஒருவர் கேட்டார். அவன் ஊரைச் சொன்னான். சொன்ன பிறகு குரல்கள் மாறிய விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடிக்க வந்தார்கள். அப்பா கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார். "யாரும்மா இது? உனக்குத் தெரிஞ்ச புள்ளையா?"

"தெரியாதுப்பா" என்றேன்.

அவன் என்னை ஒரே ஒருமுறை பார்த்தான். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "ஆமாங்க, எனக்கும் இவங்களைத் தெரியாது. வேற வூடுன்னு நெனச்சி வந்துட்டேன். தப்புதாங்க" என்று அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினான். என் பொய்க்கு அவனே முட்டுக்கொடுத்தான். சுற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். மாநிலப் பதக்கம் வாங்கிய கால்கள், அந்தப் பாவின் கோடிவரை, இருபுறமும் வசவு கேட்டுக்கொண்டே மெதுவாக நடந்தன. பிறகு பாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கற்பூரம் காட்ட வேண்டும் என்றார்கள். அம்மா தட்டை என் கையில் கொடுத்தார். நான் காட்டினேன். அவன் தாண்டிய இடத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினேன்.

அதன்பிறகு அவன் டியூஷனுக்கு வரவில்லை, போனும் செய்யவில்லை. மன்னித்துவிடு என்று செய்தி அடித்து அடித்து அழித்தேன். மைதானம் நடந்துபோகும் தூரம்தான். நான் போகவில்லை. வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான் என்று மற்ற மாணவர்கள் சொன்னார்கள். எனக்கும் வேலை வந்தது, கல்யாணம் ஆயிற்று. என் கணவர் நல்லவர். இந்த வருஷங்களில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். தெரியும் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அவனை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள், அவனைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று. சொல்லிச் சொல்லி அது எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது.

போன தை மாதம் அப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் பாவு நின்றது. அப்பா இப்போதும் நெய்கிறார். இழைகளைத் தடவிக்கொண்டே வந்தவர், என் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்குத் தாண்டுனானே ஒரு புள்ள, நல்லா இருக்கானாம்மா?"

"யாருப்பா?" என்றேன். முப்பத்தாறு வயதிலும் என் வாய் அதைத்தான் சொன்னது.

அப்பா கோபப்படவில்லை. "அவன் போனதும் மொத்தப் பாவையும் கையால தடவிப் பாத்தேன். ஒரு இழைகூட அறுந்து போவலம்மா. அப்பிடி ஒரு தாண்டு" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். "உன் மூஞ்சியைப் பாத்துட்டுதாம்மா கேட்டேன். தெருவுல அத்தினி பேர் நின்னுக்கினு இருந்தாங்க. உன்னை மட்டுந்தானே கேட்டேன்?"

"தெரியும்னு சொல்லியிருந்தா என்னப்பா பண்ணியிருப்பீங்க?"

"அது எனக்கே தெரியலம்மா. ஆனா கேட்டேன் இல்ல?"

அவர் அடுத்த இழைக்குப் போய்விட்டார். பன்னிரண்டு வருஷம் நான் பத்திரமாக வைத்திருந்த சமாதானம் அங்கேயே முடிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பயந்ததற்குக்கூட அல்ல. கேட்டவர் முகத்தைக்கூட நான் நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொல்லியிருக்கிறேன் என்பதற்கு.

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, பீரோவைத் திறந்து ஸ்டாப் கிளாக்கை எடுத்தேன். அப்பாவின் கேள்வியை நானே கேட்டு, கிளாக்கை அழுத்தி, "தெரியாதுப்பா" என்று சொல்லி நிறுத்தினேன். ஒரு வினாடியும் கொஞ்சமும். மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அழுத்தினேன். இந்த முறை, "தெரியும்பா" என்றேன். அதற்கும் அதே நேரம்தான் ஆனது.