செல்லாத பத்து ரூபாய்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சாப்பாட்டு ஹோட்டல். அதன் பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பவள் வடிவாம்பாள், பிழைக்க மலையாளத்துக்கு வந்த நாங்குநேரிக்காரி. சோறும் படுக்கையும் அங்கேயே. மகள் ஊர்ப்பக்கம் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். பீஸ் கட்டாவிட்டால் மாசக் கடைசியில் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்களாம்.

வடிவாம்பாளுக்குப் பத்து ரூபாய்க் காசு என்றாலே குலைநடுக்கம். ஊரில் ஒருமுறை மினிபஸ் கண்டக்டர் அதைப் பார்த்ததும், "செல்லாக் காசைக் கொண்டு ஏமாத்த வாரியா?" என்று நடுவழியில் இறக்கிவிட்டான். பஸ்ஸே சிரித்தது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் அந்தக் காசை அவள் நீட்டியதில்லை.

இது கேஷியர் பிரதீஷுக்குத் தெரிந்துபோயிற்று. மற்றவர்களுக்கு டிப்ஸ் பங்கை நோட்டாகக் கொடுப்பான். இவளுக்கு மட்டும் பத்து ரூபாய்க் காசு. அப்புறம் அவனே பெரிய மனசு பண்ணி, ஒவ்வொன்றையும் ஐந்து ரூபாய்க்கு வாங்கிக்கொள்வான். "நீங்க நல்லாருக்கணும் தம்பி" என்று இவள் கும்பிடு வேறு போடுவாள். பாவி, அதையும் வாங்கிக்கொள்வான்!

ஒருநாள் சாலைக் கடைத்தெருவில் காய்க்காரன் முன்னால் நின்றவருக்கு மீதிச் சில்லறையாக அந்தக் காசைக் கொடுக்க, வாங்கியவர் பேசாமல் பையில் போட்டுக்கொண்டார். "இது செல்லுமாய்யா?" என்று காய்க்காரனிடம் கேட்டாள் வடிவாம்பாள்.

"எக்கா, இது கவர்மெண்டு காசாக்கும். எல்லாடமும் எடுக்கும்."

ஹோட்டலுக்கு ஓடிவந்து கேஷியரிடம் கேட்டாள். பிரதீஷ் மறைக்கக்கூட இல்லை. "ஞான் பிடிச்சா பறிச்சேன்? நீதானே கொண்டுவந்து நீட்டின? இஷ்டமில்லேன்னா நாளைக்கே ஊருக்குப் போ சேச்சி."

ஊருக்குப் போனால் மகள் தெருவில். திரும்பிப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் அவனை ஒரு சாபம் விட்டாள்.

மறுவாரம் அவள் சிபாரிசில் தம்பி பொண்டாட்டி விஜயம் வேலைக்கு வந்து சேர்ந்தாள், கைக்குழந்தையை ஊரில் விட்டுவிட்டு. முதல் டிப்ஸ் பங்கு அவளுக்கும் காசாகவே வந்தது. முகம் செத்துப்போய் உள்ளங்கையை விரித்தாள்.

"மதினி, இது நம்மூருல செல்லாதே. இங்கன செல்லுமா?"

வடிவாம்பாள் காசைப் பார்த்தாள். காலையில் மகள் போனில் அழுதது இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

"செல்லாது. பிரதீஷ்கிட்ட போயிராத, அஞ்சுதான் தருவான். நான் ஆறு தாரேன்."

விஜயத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. "நீங்க நல்லாருக்கணும் மதினி" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வடிவாம்பாள் காசுகளை வாங்கி முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள்.