மூணுசுழி

பதிப்பகத்தில் அவருக்குச் 'சிவப்புப் பேனா' என்று பெயர். மெய்ப்புப் பார்ப்பது அவர் வேலை. அச்சுக்குப் போகிற எந்தப் பக்கமும் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டும்போது காயம் படாமல் போனதில்லை. எழுத்தாளர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், அடுத்த புத்தகத்தையும் அவரிடமே கொடுக்கச் சொல்வார்கள். அந்த மரியாதை மனுஷனுக்குத் தலைக்கேறி, பிறகு இறங்கவே இல்லை. கடைப் பலகை, பேருந்து விளம்பரம், மனைவி குளிர்பெட்டியில் ஒட்டிவைக்கும் துண்டுச்சீட்டு, எதையும் விடமாட்டார். மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பத்திரிகையில் ஒரு பிழைகூட இல்லை.

மகளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் மூணுசுழி. இரண்டு சுழி 'ன' வர வேண்டிய இடத்தில் மூன்று சுழி 'ண' போடுவாள், மூன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு. மனம் அவளுக்கு மணம், பணம் அவளுக்குப் பனம். இன்றைக்கு அவள் ஒரு வங்கிக் கிளையையே கட்டி மேய்க்கிறவள். ஆனாலும் அப்பாவுக்குச் செய்தி அனுப்பினால் திருத்தம்தான் திரும்பி வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற பேச்சே கிடையாது.

அன்று மத்தியானம், பக்க வடிவமைப்பு செய்கிற பெண் அவர் மேசையில் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவளும் அவர் மகளும் ஒரே அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள்.

"உங்க பொண்ணு இன்னிக்கு வீட்டைக் காலி பண்றாங்களே சார், நீங்க போகலையா?"

"எதுக்குக் காலி பண்றா?"

அவள் முகம் விழுந்துவிட்டது. "இல்ல சார், டைவர்ஸ் விஷயம்... உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவர் எழுந்து வெளியே போய் மனைவியைப் போனில் அழைத்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள் அவள். "உங்ககிட்ட நான் சொல்லக் கூடாதுன்னுட்டா. நீங்களா கேக்கணுமாம்."

"சொன்னாத்தானேடி கேக்க முடியும்?" என்று கத்தினார். அந்தப் பக்கம் போனை வைத்தாகிவிட்டது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் பக்கம் போடுகிறவளுக்குத் தெரியும், பெண்டாட்டிக்குத் தெரியும், பெற்றவன் மட்டும் கேணையனா? மகளைக் கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கினார், அடித்தார், மாற்றி எழுதினார். அவள் வீட்டு வாசலை மிதித்தபோது வாக்கியம் பிழையில்லாமல் தயாராக இருந்தது.

கதவு திறந்தே கிடந்தது. கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். மகள் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பான்னு ஒருத்தன் உயிரோட இருக்கானா இல்லையா உனக்கு? ஊரே சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அவள் நிமிரவில்லை. டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சொன்னேனே."

"யார்கிட்ட சொன்னே? எப்ப சொன்னே?"

அவள் தன் போனை எடுத்துத் தேடி அவர் கையில் திணித்தாள். திரையில் அவள் எழுதியது இருந்தது: 'அப்பா, மணமுறிவு வரை வந்துவிட்டது. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.' அதன் கீழே அவருடைய பதில்: 'மனமுறிவு. இரண்டு சுழி.'

அவர் இரண்டையும் மறுபடி மறுபடி படித்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மூணுசுழி சரியான இடத்தில் மூன்று சுழி போட்டிருந்தாள். அதைத்தான் அவர் அடித்திருந்தார்.

"நீ எப்பவும் மாத்தி எழுதுவியே, அதான்..."

"தெரியும். அகராதியைப் பாத்து எழுதினேன். இந்த ஒண்ணுலயாவது நீங்க கை வைக்கக் கூடாதுன்னு."

"ஆபீஸ்ல ஏதோ மனசு விட்டுப்போய் எழுதறேன்னு நெனச்சேன்மா. மனமுறிவுன்னா அதானே அர்த்தம்?"

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். மகள் எழுந்து நின்றாள்.

"சரி, மனமுறிவுன்னே வச்சுக்கலாம். பெத்த பொண்ணு மனசு முறிஞ்சுபோச்சுன்னு எழுதறா. ஒண்ணு கேக்கணும்னு வேற எழுதறா. உங்க கண்ணுல பட்டது சுழிதானா? என்னம்மா ஆச்சுன்னு கேக்க உங்க பேனாவுல மை இல்லையா?"

அவர் கண் மறுபடி போன் திரைக்கே போனது.

"உங்க மாப்பிள்ளைகிட்ட ஏன் இத்தன நாள் குப்பை கொட்டினேன் தெரியுமா? நான் நின்னா திருத்துவார், நடந்தா திருத்துவார், சிரிச்சா அதையும் திருத்துவார். எனக்கு அது தப்பாவே தெரியலை. நம்ம வீட்டுல இதுக்குப் பேரு பாசம்."

மாப்பிள்ளை எதிரே இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பார். அவன் இல்லை. இருந்த ஆத்திரம் முழுவதும் அவர் மேலேயே திரும்பியது, வெட்கத்தில் கழுத்துவரை சூடேறியது. பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல், டேப் ஒட்டி முடித்த ஒரு பெட்டியைப் பார்த்தார். மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: 'கன்னாடி. கவணம்.'

இரண்டே வார்த்தை, இரண்டும் தப்பு. கை தானாகச் சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது.

"போடுங்க," என்றாள் மகள். "அது ஒண்ணுதான் பாக்கி."

கையை எடுத்துக்கொண்டார். போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

"என்னம்மா கேக்க நெனச்சே அன்னிக்கு?"

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார், காலம் கடந்துதான்.

"இந்தப் பெட்டியெல்லாம் நம்ம வீட்டுல கொண்டுவந்து எறக்கலாமான்னு. இப்ப ஃப்ரெண்ட் வீட்டுக்கு வண்டி சொல்லியாச்சு."

"வண்டிக்காரர்கிட்ட நம்ம வீட்டு வழியை நான் சொல்றேன்."

"எனக்குக் கோவம் போகலைப்பா. இப்போதைக்குப் போகாது."

"போக வேண்டாம். கோவத்தோடயே வா."

அவர் குனிந்து அந்தக் 'கன்னாடி'ப் பெட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கனமாகத்தான் இருந்தது. வாசலைத் தாண்டிப் படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது, அதே கோபத்தோடு.

"பாத்து எறங்குங்க. மேல எழுதியிருக்குல்ல?"