குளக்கரைச் சந்தனம்

சந்தனம் இழைத்து விற்கிறவள் வீடு எந்நேரமும் மணக்கும்; அடுப்பு எரிவதுதான் எப்போதாவது. வீட்டுக்குள்ளேயே தொழிலை வைத்துக்கொண்டு பிழைக்கிறவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கஞ்சி போட்ட மண்டை

பொதட்டூர்பேட்டையில் எங்களுக்குத் தறி இருந்தது. உலக யுத்த காலத்தில் நூல் கிடைக்காமல் அது நின்றுபோகவே, இரண்டு பெண் குழந்தைகளோடு திருத்தணிக்கு வந்து சேர்ந்தோம். மலையடிவாரக் குளக்கரையில் மொட்டை போட்டுக்கொள்கிறவர்கள் தலைக்குச் சந்தனம் பூசுவார்கள் அல்லவா, அதை நான் வீட்டில் இழைப்பேன். என் வீட்டுக்காரர் கிண்ணத்தில் கொண்டுபோய் விற்பார்.

கட்டை தேய்கிற வேகத்தைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. தறிக்காரர் புத்தி எங்கே போகும்? நன்றாக ஒட்டட்டும் என்று ஒரு நாள் கஞ்சியைக் கலந்துவிட்டார். வெயில் ஏறியதும் பூச்சு விறைத்து, வெடித்து, பாளம் பாளமாக உதிர்ந்தது. அம்மையார்குப்பத்துக்காரர் ஒருவர், அவரும் நெசவாளிதான், மண்டையைத் தடவிக்கொண்டே வந்து நின்றார். "இன்னா நைனா, சந்தனம்னு சொல்லி, பாவு நூலுக்குப் போடற கஞ்சிய என் தலைக்குப் போட்டு உட்டியே!"

கடைசிப் பேச்சு

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் காய்ச்சல் வந்து படுத்தார். கிருத்திகைக்கு முதல் நாள் மூச்சு இழுத்தது. மறுநாள் கூட்டம் வருமே என்று, சந்தனக் கல்லை அவர் பாய்க்குப் பக்கத்திலேயே போட்டு இழைத்தேன். அழுகையும் வந்தது, கையும் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியேதான் அவர் போய்ச் சேர்ந்தார். போகுமுன் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏமே, தண்ணி ஜாஸ்தி ஊத்தாத. சந்தனம் நிக்காது."

யார் கை?

பிறகு நானே கிண்ணத்தோடு குளக்கரைக்குப் போனேன். பொட்டில்லாத நெற்றியைக் கண்டு ஜனம் ஒதுங்கிற்று. பிள்ளைக்கு முதல் மொட்டை போடுகிறவர்கள், தாலியறுத்தவள் கைச் சந்தனத்தையா பூசுவார்கள்? இழைத்தது கிண்ணத்திலேயே காய்ந்தது. வீட்டில் பெண்கள் இரண்டும் பசியோடு என் முகத்தைப் பார்க்கும். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மொட்டை போடும் முனுசாமி ஒரு நாள் கிண்ணத்தை வாங்கித் தன் பெட்டியருகே வைத்துக்கொண்டார். "நீ அப்பால தள்ளி உக்காருக்கா. யாரானா கேட்டா எம் பொண்டாட்டி இழைச்சதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார்.

சற்று முன்பு என்னைக் கண்டு, பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு போன நகரிப் பக்கத்து அம்மாள், யார் இழைத்தது என்று அவரிடம் விசாரித்து, அந்தச் சந்தனத்தையே வாங்கிக் குளிரக் குளிரப் பூசினாள். எரிச்சலில் அழுத பிள்ளை அடங்கிற்று. திரும்பும்போது மனசு கேட்காமல் என்னருகே நின்றாள். "தப்பா நெனச்சுக்காதம்மா. நீயே மோந்து பாரு, சுமங்கலி கையால இழைச்சா அந்த வாசனையே தனி."

அன்று என் பெண்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அந்த வாசனை கெட்டுவிடக் கூடாதே என்று இன்றுவரை கதவைச் சாத்திக்கொண்டுதான் இழைக்கிறேன்.