மாமா கலந்த இரண்டாவது பொடி

அந்தப் பொடி உயிருள்ள பூஞ்சை என்பதை மாமாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் விதையில் தடவவே விடமாட்டார் என்று பயந்தேன்.

சுனாமி வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. என் அம்மாவின் தம்பிக்கு வடலூர்ப் பக்கம் ஒரு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. நிலக்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் குடும்பத்துக்கு வருஷத்துச் சோறு அதுதான். முந்தின வருஷம் தண்டழுகல் வந்து பாதிக் கொல்லை போய்விட்டது. மண்ணிலேயே கிடந்து செடியின் கழுத்தைப் பிடிக்கிற பூஞ்சை அது. அதை அடக்குகிற வேறொரு பூஞ்சையை வளர்த்து, பொடியாக்கிக் கொண்டுபோயிருந்தேன்.

"ஒன் மருந்து நல்லா கேக்குமா பாப்பா?"

"கேக்கும் மாமா" என்றேன். அப்போது எனக்கு அவ்வளவு திமிர்.

பாதிக் கொல்லைக்குப் பொடி தடவிய விதை, மீதிக்கு வெறும் விதை என்று பேசிக்கொண்டோம். மார்கழி விதைப்புக்குக் கூடவே இருந்திருக்க வேண்டும். பரீட்சை இருந்ததால் பொடியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகுதான் திரும்பப் போனேன். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வாடி நின்றன. என் பாதியில் ஒரு செடியைப் பிடுங்கினேன். கழுத்தைச் சுற்றி வெள்ளை நூல், அதில் கடுகு மாதிரி உருண்டைகள். அதே தண்டழுகல்.

"வெதைக்கிறப்ப வேற ஏதாச்சும் போட்டீங்களா மாமா?"

"ஒன் பாதிக்கு மட்டும் கடையில விக்கிற பூஞ்சை மருந்தையும் கலந்தேன். ஒன் மருந்து தோத்துடக் கூடாதுல்ல? ரெண்டும் சேந்தா ஜாஸ்தி கேக்கும்னு நெனச்சேன்."

கடை மருந்து என் பூஞ்சையை விதையிலேயே கொன்றிருக்கும். நோய்ப் பூஞ்சைக்கோ அது அவ்வளவாக உறைக்காது. என் பொடி என்ன என்பதை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். என் கையிலிருந்த செடியை அவர் வாங்கிப் பார்த்தார்.

"இப்ப எதையாச்சும் ஊத்துனா நிக்குமா?"

அத்தனை வருஷம் படித்தும் ஊற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. "வாடுனதப் புடுங்கி எரிக்கலாம் மாமா. மத்ததுக்குப் பரவாம இருந்தா பெரிசு" என்றேன்.

முதலில் அவர் மேல் எரிச்சல் வந்தது. அப்புறம் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பாதியிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். நாலைந்து செடி பிடுங்கியதும் நிமிர்ந்தார்.

"நான் பண்ணதால ஒன் படிப்புக்கு ஒண்ணும் ஆயிடாதே பாப்பா?"

எனக்கு அடுத்த வருஷம் வேறு யாராவது நிலம் கொடுப்பார்கள். அவருக்கு இருந்தது அந்த ஒரு ஏக்கர்தான்.