கொட்டாஞ்சேனைக்கு மூன்று பயணம், தானாக எழும்பாத ஒரு லிசனர்

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட வராது. இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். ஒரே வாரத்தில் மூன்று தடவை போய் மூன்று தடவையும் முட்டாளாகத் திரும்பியவன் எழுதத்தான் வேண்டும். என்னைப்போல் சர்வர் பார்க்கப் போகிறவர்கள் யாராவது வாசித்துத் தப்பிக்கொள்ளட்டும்.

நான் போனது ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே இருக்கும் சர்வரில் லிசனர் என்றொரு சேவை ஓடவேண்டும். பரிசோதனை இயந்திரங்கள் வலையமைப்பு வழியாக முடிவுகளை அனுப்பும்போது அதை ஏற்று உள்ளே விடுவது அதுதான். அது எழும்பாவிட்டால் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே வராது. வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய முதலாளி விடமாட்டார், நோயாளிகளின் விபரமாம். ஆகவே நேரில் போகவேண்டும்.

முதல் பயணம் திங்கட்கிழமை. காலை 7.05க்கு வெள்ளவத்தையில் ரயில், மூன்றாம் வகுப்பு நாற்பது ரூபாய், 7.30க்குக் கோட்டை. அங்கிருந்து ஓட்டோ, மீற்றரில் முந்நூற்றிருபது. டிரைவர் ஏறும்போதே, "வன்வே எல்லாம் சுத்தித்தான் போகணும் அண்ணே, அவசரமா?" என்றார். அவசரமில்லை என்று சொன்னேன். எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது தெரியாது.

நஸ்லியா அங்கே இரத்தம் பரிசோதிக்கும் தொழில்நுட்பவியலாளர். எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு வாரமாக லிசனர் தானாகத் தொடங்குவதில்லை. அங்கிருப்பவர்களில் பாஸ்வேர்ட் அவளிடம் மட்டும் இருந்ததால் தினமும் ஏழு மணிக்கு வந்து கையால் தொடங்கிவிடுவது அவள்தான்.

"வெள்ளிக்கிழமையோட நான் லீவு அண்ணா. அதுக்குப் பொறகு யார் இதப் போடுற?" என்றாள்.

பார்த்தால், நான் இரண்டு வாரத்துக்கு முன் புது லிசனரைக் கையால் ஓடவிட்டுப் போயிருக்கிறேன். தானாகத் தொடங்கும் சேவைகளில் பதியவே இல்லை. வெட்கத்தை மறைத்துக்கொண்டு பதிந்தேன். சர்வரை மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தேன். மூன்று தடவையும் எழும்பியது.

"இனித் தானா எழும்பும் தங்கச்சி. நீங்கள் காலமை ஓடி வரத் தேவையில்லை."

செவ்வாய் காலை போன். "இண்டைக்கும் எழும்பல்ல அண்ணா. நான்தான் வந்து போட்டேன்."

அன்றே போயிருக்கலாம். செவ்வாய் என்றால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகும் சனத்தில் அந்தப் பக்கம் ஓட்டோ அசையாது. அதைச் சாட்டாக வைத்துப் புதன்கிழமை போனேன். இந்தத் தடவை கல்கிசைப் பக்கமிருந்து மட்டக்குளி போகும் பஸ், எண்பது ரூபாய், ஒரு மணி இருபது நிமிடம். பம்பலப்பிட்டியில் மட்டும் கால் மணி நேரம் நின்றது. நேரத்துக்குப் போகவேண்டியவர்கள் ரயிலிலேயே போங்கள்.

சர்வர் தன் குறிப்புகளை எழுதிவைக்கும் லொக் ஃபைலில் 'வலையமைப்பு முகவரி கிடைக்கவில்லை' என்றிருந்தது. சர்வர் கொஞ்சம் அவசரப்படுகிறதாக்கும் என்று பத்து விநாடி தாமதம் வைத்தேன். ஐந்து தடவை ரீஸ்டார்ட். ஐந்து தடவையும் எழும்பியது. மார்தட்டாத குறைதான்.

வியாழன் காலை மறுபடி போன். நாளைக்குத் திறக்கும்போதே வந்து நிற்பேன் என்றேன். அவளுடைய மூச்சிரைப்பு எனக்குக் கேட்டது. சீ, என்ன மனிசன் நான்!

வெள்ளி 6.30க்கே, நிலையத்தைத் திறந்து பூட்டும் செல்வத்தோடு படியேறினேன். அவர் உள்ளே போன உடனே சுவரிலிருந்த மெயின் சுவிட்சை மேலே தூக்கிவிட்டார். எல்லா விளக்கும் எரிந்தது, சர்வரும் உறுமத் தொடங்கியது.

"இதை ஏன் நிப்பாட்டி வைச்சிருந்தீங்கள்?"

"கரண்ட் வெட்டுன காலத்துல ஒரு மெசின் எரிஞ்சி போச்சே சேர். அதுல இருந்து பூட்டுறப்போ ஃபிரிஜ் லைனத் தவிர எல்லாத்தையும் நிப்பாட்டிருவோம்."

அப்போதுதான் விளங்கியது. நாற்பது விநாடியில் சர்வர் தயார். ரவுட்டரோ இரண்டு நிமிடம் சிவப்பு விளக்கோடு நின்றது. முகவரி தரவேண்டியது அது. லிசனர் முகவரியைத் தேடிவிட்டுச் செத்துப்போனது. நான் ரீஸ்டார்ட் செய்த எட்டுத் தடவையும் ரவுட்டர் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

போன் அடித்தது. நஸ்லியா. "அண்ணா, போனைச் செல்வத்துக்கிட்ட குடுங்க. எப்படிப் போடுறண்டு சொல்லித் தாரேன்."

"எங்கயிருந்து கதைக்கிறீங்கள்?"

"ஆஸ்பத்திரில. ராவு கூட்டி வந்தாங்க. நோவு வந்திட்டு."

போனை வைக்கச் சொன்னேன். நான் அங்கேதான் நிற்கிறேன் என்றேன். செல்வம் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "டாக்டர் படி ஏறக்கூடாது, லீவு எடுங்கன்னு சொல்லியிருந்தாரு சேர். ரெண்டு கிழமையா ஏறினாங்க, உங்க மெசினுக்காக."

சர்வருக்கு முன்னால் குந்தினேன்.

வேலை கால் மணி நேரம்தான் எடுத்தது. வலையமைப்பு வரும்வரை காத்திரு. விழுந்தால் பதினைந்து விநாடிக்கு ஒரு தடவை, எழும்பும்வரை விடாமல் முயற்சி செய் என்று நாலைந்து வரி. பிறகு மெயின் சுவிட்சையே அணைத்து அணைத்துப் பார்த்தேன். எழும்பியது. திங்களன்றே எழுதியிருக்கவேண்டிய வரிகள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டுச் சரி என்று கிளம்பாதீர்கள். அந்த இடத்தில் மாலையில் எப்படிப் பூட்டுகிறார்கள், காலையில் எப்படித் திறக்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பாஸ்வேர்டை ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். நீங்கள் செய்யாமல் விட்ட வேலையை யாரோ ஒருவர் தினமும் செய்துகொண்டிருப்பார், அவர் யார், எந்த நிலையில் வருகிறார் என்று கேளுங்கள்.

சனி காலை 7.10க்குச் செல்வம் போன் எடுத்தார், யாரும் தொடாமலே லிசனர் எழும்பிவிட்டதாம். நஸ்லியாவுக்குச் சொல்ல அழைத்தேன். ஆண் பிள்ளை, ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

"தானா எழும்பிட்டா?" என்று கேட்டாள்.

"ஓம் தங்கச்சி."



"நல்லம் அண்ணா. புள்ள இன்னும் தானா மூச்செடுக்கல்ல."